மெசேஜ் போகவில்லையா: கேஷை அழிப்பதா, நெட்வொர்க் ரீசெட்டா?

அனுப்பிய எஸ்எம்எஸ் பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி. ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுத்தாயிற்று, போனையும் அணைத்துப் போட்டாயிற்று. அப்புறம்? இரண்டு வழி: மெசேஜ் ஆப்பின் கேஷை (ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கோப்புகளை) அழிப்பது, அல்லது நெட்வொர்க் ரீசெட், அதாவது போனின் நெட்வொர்க் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது.

நேரம்: கேஷுக்கு அரை நிமிடம். ரீசெட்டுக்குச் சில நிமிடம்.

இழப்பு: கேஷ் போனால் பழைய மெசேஜ்கள் அப்படியே இருக்கும். (பக்கத்திலேயே இருக்கும் 'டேட்டாவை அழி' பொத்தானில் கை பட்டுவிடாமல் பாருங்கள்.) ரீசெட்டிலும் படம், மெசேஜ் தப்பிக்கும், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் ப்ளூடூத் இணைப்புகளும் காலி. வைஃபை பாஸ்வேர்டு யாருக்கு நினைவிருக்கிறது? முதலில் எழுதி வையுங்கள்.

ஆப் திறக்கவே திணறினால் கேஷ். அழைப்பும் டேட்டாவும் சேர்ந்து தகராறு செய்தால் ரீசெட். ஐபோனில் மெசேஜ் ஆப்புக்குக் கேஷ் அழிக்கும் பொத்தானே கிடையாது, ரீசெட்தான். ஒரே ஒருவருக்கு மட்டும் போகவில்லை என்றால் இரண்டும் வேண்டாம். அந்த எண்ணைச் சரிபாருங்கள்.