ஜீரோ பீரோடு சில வருஷக் குடித்தனம்

டாஸ்மாக் வாசலை மிதித்துச் சில வருஷமாகிறது. ஆனால் பீரை விட்டபாடில்லை. பாளையங்கோட்டையில் அரிசி, பருப்பு வாங்கும் அதே சூப்பர் மார்க்கெட்டில், கூல்டிரிங்க்ஸ் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடக்கும், ஆல்கஹால் இல்லாத 0.0 பீர் டின்தான் இப்போது என் சரக்கு. "வாங்கலாமா அண்ணாச்சி, காசுக்குத் தகுமா?" என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தகும். ஆனால் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் வாங்குவது கசப்புக்காக. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்ததும் டாக்டர் மதுவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியது பெரிய பாடாக இல்லை. அதற்குப் பதிலாக என்ன குடிப்பது என்பதுதான் பெரும்பாடு. சித்திரை வெயிலில் சட்டை நனைய வீடு திரும்புகிற ஆளுக்கு நம் ஊர்க் கடையில் கிடைப்பதெல்லாம் இனிப்பு. பன்னீர் சோடா, பொவொண்டோ, நன்னாரி சர்பத், ரோஸ்மில்க், எதைத் தொட்டாலும் சீனி. மோர் நல்லதுதான், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மோரை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார முடியும்? மெல்ல உறிஞ்சி, கொஞ்சம் கசந்து, தொண்டையில் சுருக்கென்று இறங்கும் ஒன்று வேண்டியிருந்தது. பீரில் எனக்குப் பிடித்தது பெரும்பாலும் ஹாப்ஸ் என்ற பூ தரும் அந்தக் கசப்பும் குளிரும் நுரையும்தான், போதைக்கு அதில் நான் நினைத்ததைவிடச் சின்னப் பங்குதான் இருந்தது என்பது ஜீரோவுக்கு வந்த பிறகே பிடிபட்டது.

ருசியைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். ஹைனெகென் 0.0, பட்வைசர் 0.0 இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருந்தால் முதல் நாலு மடக்குக்கு அசல் பீர்தான். அதற்குப் பிறகு வித்தியாசம் தெரியும். ஆல்கஹால் தருகிற கனமும் நெஞ்சில் படரும் சூடும் இருக்காது, கொஞ்சம் தண்ணீர்த்தன்மை தட்டும். குளிர் குறையக் குறைய மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியின் இனிப்பு தலைகாட்டும். மலிவான சில டின்களில் திறந்தவுடனே ஹார்லிக்ஸ் வாசம் தூக்கும். எலுமிச்சை, பீச், ஆப்பிள் மணம் போட்டு வருகிறவற்றை நான் பீர்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவை பிள்ளைகள் குடிக்கும் கலர் மாதிரி, இனிப்புக்குப் பயந்து இங்கே வந்தவனுக்கு ஆகாது.

இந்த ஹார்லிக்ஸ் வாசத்துக்குக் காரணம் செய்முறை. ஜீரோ பீர் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, பார்லிச் சாறு நொதிப்பதைப் பாதியிலேயே நிறுத்தி, அல்லது மால்ட் சர்க்கரையைத் தின்னத் தெரியாத ஈஸ்ட்டைப் போட்டு, அதிகம் நொதிக்காமல் பார்த்துக்கொள்வது. அப்படிச் செய்தால் பச்சைச் சாற்றின் வாசம் தங்கிவிடும். மற்றது, முழு பீரையே காய்ச்சிவிட்டு, பிறகு ஆல்கஹாலை மட்டும் வெளியே எடுப்பது. ஆல்கஹால் கொதிப்பது 78 டிகிரியில். அத்தனை சூட்டுக்கு பீர் வெந்துபோகும். அதனால் காற்றழுத்தத்தைக் குறைத்து, 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே ஆவியாக்கிவிடுகிறார்கள். கூடவே கொஞ்சம் வாசனையும் பறந்துவிடும், அதைப் பிடித்துத் திரும்பச் சேர்ப்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தை மாறுகிறது.

திசையன்விளை, உடன்குடிப் பக்கத்து ஆட்களுக்கு முதல் வழியை விளக்கவே வேண்டாம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். நொதிக்க விடாமல் காவல் காக்கிற வேலையைப் பனையேறிகள் காலங்காலமாகச் செய்கிறார்கள். கள்ளுக்கு 1987-இலிருந்து தமிழ்நாட்டில் தடை, பதநீர் மட்டும் தெருவில் விற்கிறது. ஒரே மரத்துச் சாற்றில் போதை உள்ளதும் இல்லாததும் பார்த்து வளர்ந்த ஊரில், "போதையில்லாத பீர் எதுக்குல?" என்று கேட்பதுதான் எனக்கு வேடிக்கை.

கேட்கத்தான் செய்கிறார்கள். மாடன் சாமிக்குச் சாராயமும் படைக்கும் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தபோது தோப்பில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நான் என் டின்னை எடுத்தேன். பெரியப்பா மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, "எலே, விட்டா மாடனுக்கே ஜீரோ பாட்டில் வச்சிருவ போலுக்கே" என்றான். அன்று முழுக்க என்னை வைத்துத்தான் சிரிப்பு. ஆனால் கூட்டத்தில் கையில் ஒரு டின் இருப்பதும் தண்ணீர் பாட்டில் இருப்பதும் ஒன்றல்ல. தண்ணீர் பாட்டிலோடு இருந்தால் "ஒரே ஒரு பெக்" என்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். டின் இருந்தால் அரை மணி நேரத்தில் மறந்துவிடுவார்கள். இந்தப் பானத்துக்கு உலகம் முழுக்க ஆள் கூடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். குடியை விட்டாலும் கூட்டத்தை விட வேண்டியதில்லை. கஷ்டம் வேறு இடத்தில். மூன்றாவது ரவுண்டுக்கு மேல் அவர்கள் பேசுவது தெளிந்த காதுக்குத் தாங்காது. திரும்பும்போது கார் சாவியும் நம் கைக்கு வந்துவிடும்.

அதில் ஒரு தகவல். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் இங்கே வழக்கு. குற்றாலத்திலிருந்து வரும் வழியில் ஒரு தடவை ஊதச் சொன்னார்கள், ஒன்றும் காட்டவில்லை. ஆனால் மால்ட் வாசம் வாயில் அடிக்கும், அந்த முறைப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும். டின்னில் 0.0 என்று இருக்கிறதா, 0.5 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் அற்றது என்றே விற்கலாம். மேலப்பாளையத்து நண்பர் சவூதியில் இருந்தபோது பார்பிகன் என்ற போதையில்லாத மால்ட் பானம் குடித்துப் பழகியவர். அவர் 0.0 தவிர எதையும் தொடமாட்டார், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் திறப்பார்.

உடம்புக் கணக்கு: 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கும், கிராமுக்கு 7 கலோரி என்றால் அதிலேயே 90 போய்விடும். ஹைனெகென் 0.0 அதே அளவுக்கு மொத்தமே 69. மறுநாள் காலைத் தலைவலி கிடையாது, தூக்கம் கெடுவதில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் லேபிளில் சர்க்கரை வரியோடு நின்றுவிடாமல் மாவுச்சத்து வரியையும் பார்க்க வேண்டும், அது கூடுதலாக இருக்கும்.

விலைதான் வயிற்றெரிச்சல். போதையும் இல்லாமல் நூறு ரூபாயை ஒட்டி வாங்குகிறார்கள், அதற்கு நாலு பேர் பன்னீர் சோடா குடிக்கலாம். தேதி பார்க்காமல் வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் குடோனில் கிடந்த சரக்கு அட்டை வாசம் அடிக்கும். பச்சைப் பாட்டிலைவிட டின் நல்லது, வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாறும். திறந்தால் அன்றே முடித்துவிடுங்கள். கெடாமல் காக்க இதில் ஆல்கஹால் இல்லை.

வீட்டில் வேறொரு பிரச்சினை. குப்பை வாங்க வரும் அக்கா டின்களைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்குத் தெனமும் தண்ணியா?" என்று என் மனைவியிடமே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து காலி டின்கள் கருப்புக் கவரில் கட்டப்பட்டுத்தான் வாசலுக்குப் போகின்றன.

அந்த அக்கா குழம்பியதில் தப்பில்லை, டின் அப்படித்தான் இருக்கிறது. அசல் பீரின் அதே பெயர், அதே எழுத்து. பானமும் புதிதல்ல, ஜெர்மனியில் கிளவுஸ்தாலர் என்ற போதையில்லாத பீர் 1979-லேயே வந்துவிட்டது. ஹைனெகென் 0.0 வந்தது 2017-இல், இந்தியாவுக்கு பட்வைசர் 0.0 வந்தது 2019-இல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு பீர் ஸ்பான்சரே கொரோனா செரோ என்ற ஜீரோதான். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதும் சேர்ந்துகொண்டது. எல்லாம் சரி. ஆனால் மது விளம்பரம் கூடாத நாட்டில் இந்த டின் அந்தப் பெயருக்கு ஓசி விளம்பரமும்தான். கடையில் வயசு கேட்பதில்லை என்பதால் என் மகனுக்கு நான் கொடுப்பதில்லை. குடிக்கு அடிமையாகி மீண்டவர்களும் தொடாமலிருப்பது நல்லது. வாசமும் கசப்புமே பழைய இடத்துக்குக் கூட்டிப்போய்விடும்.

முதல் தடவை வாங்குகிறவர்கள் ஒரே ஒரு டின் வாங்கி, ஐஸ் போடாமல் ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள். தொட்டுக்கொள்ளச் சாத்தூர் காராச்சேவு பொருந்தும், வறுத்த கடலையும் பொருந்தும். அல்வாவோடு மட்டும் வேண்டாம். அல்வா தின்ற வாயில் ஜீரோ பீர் வெறும் கஷாயம்.