தர்மபுரில வாங்கின வசம்பு தூள், விதை அவரைக்கு போட்டு பாத்தாச்சு

தர்மபுரி டவுன்ல ஒரு நாட்டு மருந்து கடைல விதைப் பயறுக்கு போடற வசம்பு தூள் வாங்கி போன அறுவடைலேர்ந்து யூஸ் பண்றோம். எங்களுக்கு ராகி, அவரை, தொவரை, கொஞ்சம் கொள்ளு, எல்லாம் மானாவாரிதான், அடுத்த வருசத்து விதைய வீட்லயே எடுத்து வைக்கற பழக்கம். அதனால வண்டு விழுந்தா நஷ்டம் சாப்பாட்டுக்கு மட்டும் இல்ல, விதையே போயிடும்.

இந்த கடைய நான் சொல்றதுக்கு காரணமே அந்த அண்ணன் கேட்ட மொத கேள்விதான். வசம்பு தூள் வேணும்னதும் "விதைக்கா, சாப்பிடறதுக்கா?"ன்னு கேட்டாரு. இத கேட்டு குடுக்கற கடைய வேற எங்கயும் பாக்கல. வசம்புல 'அசரோன்'னு ஒரு வேதிப்பொருள் இருக்கு, பூச்சிய விரட்டறதும் முட்டை பொரிக்க விடாம பண்றதும் அதோட வேலைதான், ஆனா அது மனுச உடம்புக்கு ஆகாது, அமெரிக்கால 1968லயே சாப்பாட்டுல வசம்பு சேர்க்கக்கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. அதனால விதைக்கு மட்டும் இத போடுங்க, கிலோவுக்கு 10 கிராம், சாப்பிடற தொவரைக்கு வெளக்கெண்ணெய் போதும்னு சொல்லி, கிலோவுக்கு 5 மில்லிலேர்ந்து 10 மில்லி வரைக்கும் ஊத்தி கையால நல்லா பெரட்டி வைங்கன்னாரு. ராகிக்கு என்ன போடறதுன்னு கேட்டேன், "ராகிக்கு எதுக்குங்க, நல்லா காய வெச்சு கட்டி வைங்க"ன்னுட்டாரு. விக்கற ஆளு வேணாம்னு சொன்னா அவர நம்பலாம் இல்லீங்களா.

தூள் கண்ணு முன்னாடியே அரைச்சு குடுத்தாங்க, கெழங்கு நல்லா காய்ஞ்சது, அரைக்கும்போதே மூக்குல ஏறுது.

இனி வேலை செஞ்சுதான்னா, அவரைக்கு ரொம்ப நல்லா செஞ்சுது. தார்பாய்ல ரெண்டு வெயில் பாத்து, பல்லுல கடிச்சா டக்குனு ஒடையற பதம் வந்ததும் நெழல்ல சூடு ஆற விட்டு தூள கலந்து சாக்குல கட்டினோம், தூள் போடாத கொஞ்சம் அவரைய ஒரு டப்பால தனியா வெச்சிருந்தோம், அதுல மேல வெள்ளையா புள்ளி புள்ளியா முட்டை தெரிஞ்சு கொஞ்ச நாள்ல வட்ட வட்டமா ஓட்டை போட்டு வண்டு வெளிய வந்துடுச்சு, சாக்குல இருந்தத மொறத்துல போட்டு பொடைச்சு பாத்தா அங்கொண்ணு இங்கொண்ணுதான்.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். பயறு வண்டு வீட்லதான் வந்து சேருதுன்னு இல்ல, காட்டுல காய் காயற நேரத்துலயே தோல் மேல முட்டை வெச்சிடும், புழு பருப்புக்குள்ள பூந்துட்டா எந்த தூளும் உள்ள போயி அத கொல்லாது. அதனால அடிச்சு காய வெச்ச ஒடனே கலக்கணும், ஓட்டை விழுந்தப்பறம் கொட்டினா காசுதான் வீண்.

கொறைன்னா, அதே கடைல வேப்பங்கொட்டை தூள கண்ணாடி மாதிரி கவர்ல போட்டு கடை முன்னாடி வெயில்ல தொங்க விட்டிருக்காங்க. வேம்புல பூச்சிய விரட்டற அசாடிராக்டின்ங்கற பொருள் வெயில்ல பட்டா கொறைஞ்சிடும், அந்த கவர வாங்காதீங்க, உள்ள டப்பால இருக்கறத கேளுங்க. பாக்கெட் மேல தேதியும் இல்ல, எவ்ளோ போடணும்னும் இல்ல, அண்ணன் கடைல இல்லாதப்ப போற வயசானவங்களுக்கு யாரு சொல்லுவாங்க? வேப்பிலை, நொச்சி இலை வீட்லயே இருக்கேன்னு போடறவங்களும் நெழல்ல சருகா காய வெச்சு போடுங்க, பச்சையா போட்டா ஈரம் ஏறி பூஞ்சை புடிச்சிடும்.

எங்க ஊர் பக்கம் இன்னும் சிலர் தூங்கற ரூம்லயே மூட்டைக்குள்ள அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைய வெக்கறாங்க. தயவு செஞ்சு வேணாங்க. அதுலேர்ந்து வர்ற பாஸ்பின் வாயு ஆள கொன்னுடும், கொழந்தைங்க இருக்கற வீடு.

தூள கலக்கும்போது மூக்குல துணி கட்டிக்கோங்க. மீந்த விதைய கொழம்புக்கு போடாதீங்க, சாக்கு மேல 'விதை'ன்னு எழுதி வைங்க. கடைல அரைக்கற மிஷின் காலைலதான் ஓடுது, மதியத்துக்கு மேல போனா ஏற்கனவே அரைச்சு வெச்சதுதான் கெடைக்கும்.