பிராடோ அலோய் மொன்டெரோவுக்கு “அப்படியே பொருந்தும்” என்றார்கள், 285,000 ரூபா போனது: திருமலையில் ஜீப் வைத்திருப்பவர்கள் கவனம்

திருகோணமலையில் ஜீப், டபுள் கெப் பிக்கப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். பாவித்த அலோய் வீலையும் டயரையும் செட்டாக விற்கும் ஒரு கடையில் 285,000 ரூபா கொடுத்து ஏமாந்து நிற்கிறேன். நேற்றுப் பின்னேரம் கடைசித் தடவையாக அங்கே போய்த் திரும்பினேன். இரவு முழுக்க நித்திரை இல்லை. கடையின் பெயரை இப்போது போடவில்லை, முறைப்பாடு கொடுக்கப்போவதால் அதுவரை எழுதவேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொன்னார். இணையத்தில் விளம்பரம் போட்டுவிட்டு, ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் நடத்தும் கடை என்பதோடு நிறுத்துகிறேன். வீல், டயர் எடுக்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய மிட்சுபிஷி மொன்டெரோ ஜீப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், ஐந்து வருஷம் கழித்துத் திறந்தபோது வரியோடு சேர்த்து வந்த விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. அதனால் இருப்பதையே பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு முள்ளந்தண்டில் ஒப்பரேஷன் செய்து இரண்டு வருஷம். ஆனாலும் தம்பலகாமத்து வயலுக்குக் கிழமையில் ஒருநாளாவது போகாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கண்டி வீதி கார்ப்பெட், அதில் பிரச்சினை இல்லை. தம்பலகாமத்தில் உள்ளே திரும்பி, கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஓரமாகக் கிறவல் பாதையில் ஏறியதும்தான் வேதனை. மழைக்குப் பிறகு பாதை அலை அலையாகக் கிடக்கும். ஒரு கையால் மேல்பிடியையும் மறுகையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு “மெதுவா தம்பி, மெதுவா” என்று சொல்லியபடியே வருவார்.

வண்டியில் இருந்தது கொம்பனி 16 அங்குல வீல், 265/70 டயர். டயர் தேய்ந்துவிட்டது, வீல் நல்ல வீல். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், அப்பாவுக்குக் குலுக்கல் குறைகிற மாதிரி ஏதாவது போடுவோம் என்று தேடினேன். அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. “பிராடோ 18 அலோய், டயருடன், டயர் 90 வீதம், காட்டுப் பாதைக்கும் சொகுசு.” தொலைபேசியில் கேட்டேன், என்னுடையது மொன்டெரோ, போடலாமா? “ரெண்டுக்கும் ஆறு நட் அண்ணா, அப்படியே ஏறும்” என்றார்கள். 50,000 ரூபா முற்பணம் வங்கியில் போட்டுவிட்டு, சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று அங்கே நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கடையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். அப்பா இறங்கச் சிரமப்படுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தார். கையைப் பிடித்து இறக்கி, பிளாஸ்டிக் கதிரைக்கு மேல் குஷன் ஒன்று போட்டு இருத்தினார். “என்ன ஐயா, முதுகு ஏலாதோ? எங்கட அம்மாவுக்கும் இதே வருத்தம்தான்” என்று எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் படுக்கை என்றெல்லாம் விசாரித்தார். பிளேன்டீ வந்தது. அப்புறம் டயர் ஒன்றை உருட்டிவந்து அப்பாவின் முன்னால் நிறுத்தி, அவருடைய பெருவிரலையே எடுத்துப் பக்கச்சுவரில் அழுத்திக் காட்டினார். “பாருங்க ஐயா, எவ்வளவு மெதுமை. கிறவல் ரோட்டில கூட ஐயா நித்திரை கொள்ளலாம்.” டயர் கறுப்பாகப் பளபளத்தது, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. அந்த எண்ணெய் ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்பா யாரையும் லேசில் நம்பமாட்டார். நெல் விற்றாலும் தராசை இரண்டு தரம் பார்க்கிறவர். அவரே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “நல்ல பொடியன் தம்பி, எடு” என்றார். அதற்குமேல் நான் என்ன பார்ப்பது? செட் 320,000 என்றார்கள். என் பழைய வீல் நான்கையும் 35,000க்கு எடுத்துக்கொண்டு 285,000 ஆக்கினார்கள். மீதி 235,000 ரூபாவைக் காசாக எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுக் காகிதத்தில் “அலோய் செட் 4” என்று எழுதித் தந்தார்கள். டயர் அளவு, உத்தரவாதம் எதுவும் அதில் இல்லை.

வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் தெரியவில்லை, ஊருக்குள் நாற்பதுக்கு மேல் ஓட இடமில்லையே. மறுநாள் வயலுக்குக் கிளம்பினோம். சீனக்குடா தாண்டி அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. எண்பதில் கண்ணாடியெல்லாம் ஆடியது. கிறவலில் ஏறியதும் ஒவ்வொரு குழியும் கட்டையால் அடித்த மாதிரி நேராக இருக்கைக்கு வந்தது. திருப்பங்களில் முன் டயர் சேற்றுத் தட்டில் உரசும் சத்தம் வேறு. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவர் நான்கு நாள் எழும்பவில்லை.

முதலில் தொலைபேசியில் சொன்னேன். “செட் பழகிற வரைக்கும் அப்படித்தான் அண்ணா, ஒரு 500 கிலோமீட்டர் ஓடுங்க.” ஓடினேன், குறையவில்லை. இரண்டாவது தரம், “உங்கட வண்டியில அலைன்மென்ட் பிழை.” 4,500 ரூபா கொடுத்து அலைன்மென்ட் பார்த்தேன், வண்டியில் பிழை எதுவும் இல்லை என்று தாளே தந்தார்கள். மூன்றாவது தரம், “காத்தை 20க்கு இறக்கிப்போட்டு ஓடுங்க, பஞ்சு மாதிரி இருக்கும்.” நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடற்கரை மணலில் இறங்கும்போது நாங்களும் 18க்கு இறக்குவோம்தான். ஆனால் ரோட்டில் ஏறியதும் திரும்ப அடித்துவிடுவோம். காற்றில்லாத டயரில் கார்ப்பெட் ரோட்டில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். நோயாளியை ஏற்றிப் போகிற வண்டி என்று தெரிந்தே அதைச் சொன்னார்கள். நான்காவது தரம், “முதலாளி கொழும்பு போயிட்டார்.” அதற்குப் பிறகு குறுஞ்செய்தியைப் பார்ப்பார்கள், பதில் வராது. ஐந்தாவது நாள் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் அநுராதபுரச் சந்திப் பக்கம் எனக்குத் தெரிந்த டயர் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாற்பது வருஷம் இந்த வேலை செய்கிறவர். வீலைக் கழற்றி நடு ஓட்டைக்குள் கையை விட்டுக் காட்டினார். மொன்டெரோவில் வீல் வந்து உட்காரும் நடு ஹப் 67.1 மில்லிமீட்டர். பிராடோ வீலின் நடு ஓட்டை 106.1. ஆறு நட்டும் அதே 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் பொருந்துவதால் வீல் ஏறிவிடும், ஆனால் ஹப்பில் உட்காராது. இடைவெளிக்கு வளையம் போடவேண்டும், அது போடவே இல்லை. அதோடு பிராடோ டொயோட்டாவின் ஜீப், டொயோட்டா கொம்பனி அலோய்க்குத் தட்டையான வாஷர் வைத்த நீளக்கழுத்து நட்தான் வரவேண்டும். எனக்குப் போட்டுவிட்டது கூம்பு நட். ஓட்டையின் விளிம்பை அது கடித்துப் புண்ணாக்கியிருந்தது, இரண்டு நட் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. இந்த வீலோடுதான் எண்பதில் அப்பாவைக் கூட்டிப்போயிருக்கிறேன். வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.

உரசலுக்கும் காரணம் இருந்தது. வீலின் அகலத்து நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரம்தான் ஒஃப்செட். மொன்டெரோ வீலில் அது 46 மில்லிமீட்டர், இந்தப் பிராடோ வீலில் 25. டயர் இரண்டு சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. பேரிங்குக்கும் அது கூடாது, ஒவ்வொரு குழிக்கும் ஸ்டியரிங் வெட்டும் என்றார் பாஸ்.

பிறகு டயரைக் கழற்றினார். தயாரித்த கிழமையும் வருஷமும் நான்கு இலக்கமாக டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும். நான்கு டயரிலும் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் போட்டிருந்தார்கள், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. இரண்டில் 3113. அதாவது 2013ஆம் ஆண்டின் 31ஆவது கிழமை. ஒன்றில் 0814. நான்காவதில் இலக்கத்தையே சுரண்டி எடுத்திருந்தார்கள். எண்ணெயைத் துடைத்ததும் உள்பக்கச் சுவர் முழுக்க வரண்ட வயல் மாதிரி வெடிப்பு. ஓடாமல் கிடந்த டயர்தான், அதனால் வெட்டு ஆழம் உண்மையிலேயே 90 வீதம். ரப்பர்தான் செத்துவிட்டது. நகத்தால் அழுத்தினேன், பதியவில்லை. ஒரு வீலின் உள் விளிம்பில் வெடிப்பை வெல்டிங் பிடித்து வெள்ளிப் பூச்சு அடித்திருந்தார்கள்.

முன்னால் போட்டிருந்த இரண்டும் எல்.டி. வகை, அதாவது சிறு லொறிக்கான டயர், பத்துப் பிளை என்ற தடித்த கட்டு, 119 சுமை இலக்கம். ஒரு டயர் 1,360 கிலோ தாங்கும். பின்னால் பாரம் ஏற்றுகிற டபுள் கெப்புக்கு நல்லது. நானும் அப்பாவும் மட்டும் போகிற ஜீப்புக்கு அது கல். “பத்துப் பிளை, வெடிக்கவே வெடிக்காது” என்று கடையில் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள்!

என் மேலும் ஒரு பிழை இருக்கிறது. 16 அங்குல வீலில் 265/70 என்றால் டயர் அகலம் 265 மில்லிமீட்டர், அதில் 70 வீதம் பக்கச்சுவர், அதாவது 185 மில்லிமீட்டர். 18இல் 265/60 என்றால் 159. வெளிச்சுற்று ஏறத்தாழ ஒன்றேதான், ஆனால் குழியை வாங்குகிற ரப்பர் ஒரு அங்குலம் குறைந்துவிட்டது. சொகுசு வேண்டுமென்றால் பெரிய வீலுக்குப் போகவே கூடாது. பழைய 16 வீலிலேயே பாரம் குறைந்த சாதாரண எச்.டி. (நெடுஞ்சாலை) டயரோ மெதுவான ஏ.டி. (எல்லாப் பாதைக்குமான) டயரோ புதுசாகப் போட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று பாஸ் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பழைய வீல் நான்கையும் 35,000க்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேனே.

நேற்று டயர் ஒன்றையும் வெல்டிங் பிடித்த வீலையும் ஏற்றிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். அதே ஆள் நின்றார். “பாவிச்ச சாமானுக்கு நாங்க பொறுப்பில்லை. கழட்டின பிறகு எங்கட டயர்தான் எண்டு எப்பிடி நம்புறது?” என்றார். சரி, என் பழைய வீலையாவது தாருங்கள் என்றேன். அது அன்றைக்கே போய்விட்டதாம். அப்பா நான்கு நாள் எழும்பவில்லை என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்து, “எந்த ஐயா?” என்று கேட்டார். கையைப் பிடித்து இறக்கி, குஷன் போட்டு இருத்திய அதே ஆள்! 285,000 ரூபாவைவிட அந்த இரண்டு வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவோ “விடு தம்பி, நான்தானே எடு எண்டு சொன்னனான்” என்கிறார். அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், நேரமில்லை. காலையில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் போகவேண்டும், கடிதமும் இனித்தான் எழுதவேண்டும். இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு டயரின் இரண்டு பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்து, அந்த நான்கு இலக்கத்தைக் கண்ணால் காணாமல் காசு கொடுக்காதீர்கள். ஆறு நட் ஒத்துவந்தால் போதாது, நடு ஓட்டையையும் ஒஃப்செட்டையும் கேளுங்கள். பளபளக்கிற டயரைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பழைய வீலை அன்றே விட்டுவிட்டு வராதீர்கள், ஒரு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள். பில்லில் டயர் அளவு, வருஷம், கடை முத்திரை மூன்றும் இருக்கவேண்டும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நான் அங்கேயும் பொலிஸிலும் முறையிடுகிறேன். இதே மாதிரி தகரக் கொட்டகைக் கடையில், இதே மாதிரி துண்டுக் காகித பில்லோடு அலோய் செட் வாங்கின யாராவது திருமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருந்தால் பில்லையும் டயர் இலக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்த வீல் இப்போது உங்கள் வண்டியில் இருந்தால், முதலில் நட்டைப் பாருங்கள்.