இருபரிமாண வரைபடமா, பிம் மாதிரியா: ஒப்பந்ததாரருக்கு எது கைகொடுக்கும்?

கான்கிரீட் பீமுக்கு (உத்தரத்துக்கு) அடியில் செல்லும் ஒரு கழிவுநீர்க் குழாயை எடுத்துக்கொள்வோம். 1:80 சரிவில் 12 மீட்டர் ஓடினால், மறுமுனையில் அது 150 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். பிளம்பிங் வரைபடத்தில் இக்குழாய் ஒற்றைக் கோடு மட்டுமே. பீமின் ஆழம் கட்டமைப்பு வரைபடத்திலும், ஏசி டக்டின் அளவு இன்னொரு தாளிலும் இருக்கும். தனித்தனியே பார்த்தால் மூன்றிலும் பிழை இல்லை. ஆனால் குழாயும் டக்டும் ஒரே உயரத்தில் முட்டிக்கொள்வது, ஃபால்ஸ் சீலிங் வேலை தொடங்கும் நாளில்தான் தெரியவரும். அந்த நேரத்தில் குழாயைக் கழற்றி மாற்றும் செலவை யார் ஏற்பது என்ற வாக்குவாதத்தில் பெரும்பாலும் தோற்பவர் ஒப்பந்ததாரர்.

பிம் (BIM) என்பது கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்தையும் அதன் விவரங்களோடு கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்கும் முறை. இதில் இம்மூன்று துறைகளின் மாதிரிகளையும் நேவிஸ்வொர்க்ஸ் போன்ற மென்பொருளில் ஒன்றாக இணைத்து, மோதல்களை வேலைக்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். பொருளோடு பொருள் முட்டுவதை மட்டுமன்றி, வால்வைத் திருகக் கை நுழையும் இடம் இருக்கிறதா என்பதையும் சோதிக்கலாம். என் கணிப்பில், பிம்முக்குச் செய்யும் செலவை ஒப்பந்ததாரருக்குத் திருப்பித் தருவது முதன்மையாக இந்த ஒரு பயன்தான். (முதல் சோதனையில் ஆயிரக்கணக்கான மோதல்கள் பட்டியலாகும், அவற்றுள் பொருட்படுத்த வேண்டியவற்றைப் பிரித்தெடுக்க, சைட் அனுபவம் உள்ளவர் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.)

எவ்வளவு பொருள் தேவை என்று கணக்கிடும் அளவெடுப்பில் மாதிரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. பீமும் தளமும் ஒன்றோடொன்று சரியாக இணைக்கப்படாமல் மேற்பொருந்தியிருந்தால், அந்தப் பகுதியின் கான்கிரீட் இருமுறை கணக்கில் ஏறும். சேதாரமும் கட்டுக்கம்பியும் மாதிரியில் வருவதில்லை. இரு கம்பிகள் இணையும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் (லேப்) வரையப்படாவிட்டால் அதுவும் அப்படியே விடுபடும். வரைபடத்திலிருந்து கையால் அளவெடுக்கும் பழைய முறை மெதுவானதுதான், ஆனால் எடுப்பவருக்கு ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். வடிவமைப்பு திருத்தப்படும்போதோ நிலைமை தலைகீழாகிறது: கையால் எடுத்த கணக்கை மீண்டும் போட வேண்டும், மாதிரியில் பட்டியல் தானாகவே மாறிவிடும். காலஅட்டவணையை மாதிரியோடு இணைக்கும் நான்காம் பரிமாணம், கிரேன் நிறுத்தும் இடமே சிக்கலாக இருக்கும் நெருக்கடியான சைட்டுகளில் உதவும். திறந்தவெளியில் அதற்குப் பெரிய தேவை இல்லை.

மென்பொருள் உரிமம், திறன்மிக்க கணினி, பயிற்சி பெற்ற ஆள் என்று பிம்முக்குச் செலவு முதலிலேயே வந்து நிற்கும். இரண்டு மாடி வீட்டுக்கு நல்ல இருபரிமாண வரைபடங்களே போதும். குழாய்களும் கேபிள்களும் நெருக்கியடித்துச் செல்லும் மருத்துவமனைக்கு அவற்றை மட்டும் நம்பி டெண்டர் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்படியானாலும், கம்பி கட்டுபவரின் கையில் இருக்கப்போவது அச்சிட்ட தாள்தான். அத்தாள் மாதிரியிலிருந்தே எடுக்கப்பட்டதா, இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். மாதிரியின் விவர அளவையும் (எல்ஓடி) கேட்க வேண்டும்: துறைகளின் ஒருங்கிணைப்புக்கு எல்ஓடி 350 தேவை, பட்டறையில் வெட்டித் தயாரிக்க 400 தேவை. கோப்பை ஐஎஃப்சி (வெவ்வேறு பிம் மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய பொதுவான மாதிரிக் கோப்பு) வடிவில் தராமல் பிடிஎஃப்பாக மட்டும் கொடுத்தால், டெண்டரில் பிம் என்று எழுதியிருந்தாலும் ஒப்பந்ததாரர் கையில் இருப்பது பழைய இருபரிமாண வரைபடமே.