கிளட்ச் மாற்றிய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? புது பேட்டரி வாங்குமுன் படியுங்கள்

மாருதி 800, ஆல்டோ, பழைய வேகன் ஆர் மாதிரி வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சியில் கிளட்ச் வேலைக்கு விட்ட என் காருக்கு முதலில் புது பேட்டரி, அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று அடுத்தடுத்து என் தலையில் கட்டினார் ஒரு மெக்கானிக். கடைசியில் பார்த்தால் பிரச்சினை ஒரே ஒரு போல்ட்.

என்னுடையது 2007 மாடல் ஆல்டோ, 796 சிசி பெட்ரோல். மேட்டில் ஏறும்போது இன்ஜின் இரையும், வண்டி நகராது. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் கூலியோடு சேர்த்து 7,500 ரூபாய். அந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன், கியர் அழகாக விழுந்தது. ஆனால் மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். ஹாரன் அலறுகிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை.

போன் செய்ததும், வண்டியைப் பார்க்காமலே "பேட்டரி வீக்கு சார், மாத்திடலாம்" என்றார். பையன் ஒருவன் புது பேட்டரியோடு வந்தான். கையில் மீட்டர்கூட இல்லை. பழையதை எடுத்துக்கொண்டது போக 3,800. போட்டதும் முக்கி முனகி ஒரு தடவை ஸ்டார்ட் ஆனது, பையன் போய்விட்டான். சாயங்காலம் மறுபடியும் 'டக்'.

இந்தத் தடவை அவரே வந்தார். தெருவில் இருந்தவர்கள் தள்ளிவிட, செகண்ட் கியரில் விட்டதும் வண்டி கிளம்பியது. "பாத்தீங்களா சார், தள்ளினா ஓடுது. அப்போ ஸ்டார்ட்டர்தானே போயிருக்கு?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ரீகண்டிஷன் ஸ்டார்ட்டர் 3,200. அதை மாட்டியும் அதே 'டக்'. அடுத்ததாக ஒயரிங் முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அதோடு போதும் என்று சொல்லிவிட்டேன்.

பாலக்கரைப் பக்கத்திலிருந்து வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை நண்பர் அனுப்பிவைத்தார். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டது: "கடைசியா என்ன வேலை பாத்தாங்க தம்பி?" கிளட்ச் என்றதும் சிரித்தார். சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார், பிறகு இறங்கிவரச் சொல்லி, "இந்த கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பாருங்க" என்றார். விரலை வைக்க முடியவில்லை. கேபிளின் மேலுறை நுனியில் இளகி, பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. அவர் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டார். சாவியைத் தொட்டதுதான் தாமதம், வண்டி ஸ்டார்ட்.

விஷயம் இதுதான். ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிவர, கியர்பாக்ஸில் தடிமனான எர்த் ஒயர் ஒன்று போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது இறுக்காமல் விட்டிருக்கிறார்கள், போல்ட் எங்கோ விழுந்துவிட்டது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர், வேறு வழியில்லாமல் மெல்லிய கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. அதனால்தான் அந்தச் சூடு. ஹெட்லைட்டின் கரண்ட் இன்ஜின் பக்கம் போகாமல் வண்டியின் பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும், அதனால் அது மங்கவே இல்லை. ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் இன்ஜின் வழியாகத்தான் எர்த். அப்படியே ஓட்டியிருந்தால் புது பேட்டரியும் ஒழுங்காக சார்ஜ் ஏறாமல் படுத்திருக்கும், அதற்கும் ஒரு பில் வந்திருக்கும்.

உங்களுக்கு இப்படி நடந்தால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் சட்டென்று செத்துப்போனால் பேட்டரியையோ அதன் டெர்மினலையோ சந்தேகப்படலாம். லைட் அப்படியே எரிந்து 'டக்' மட்டும் கேட்டால், பேட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள். சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். சிவப்பு முனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் கறுப்பை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் சரி. பல வோல்ட் காட்டினால் கோளாறு அங்கேதான். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும்.

ஒரு போல்ட்டை மறப்பது யாருக்கும் நடக்கும், அதற்காக இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். தான் விட்ட குறையை வைத்தே 7,000 ரூபாய் கறந்தார் பாருங்கள், குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

போய்க் கேட்டேன். எர்த் ஒயர் "தானா லூஸாயிருக்கும்" என்றார். பழைய ஸ்டார்ட்டரைக் கொடுங்கள் என்றால் காயலான் கடைக்குப் போய்விட்டதாம். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் சேரும் சார், பரவாயில்லையா?" என்று என்னையே மடக்கினார். இந்தப் பேச்சுக்கு மசியாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

1915 என்று நான் சொன்னதும் பேச்சு மாறியது. ஸ்டார்ட்டர் காசை யுபிஐயில் திருப்பி அனுப்பிவிட்டார். பேட்டரிக் காசு இன்னும் வரவில்லை. பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, இளகிய கேபிளின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன், இந்த வாரம் புகார் போகிறது.