பழைய க்ரூஸர் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை: புதிய பேட்டரியா, மல்டிமீட்டர் சோதனையா?

பஜாஜ் அவெஞ்சர் 220 போன்ற, கிக்கர் இல்லாத க்ரூஸர் பைக்கைப் பழையதாக வாங்குபவருக்கு, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும் காலைப்பொழுது என்றேனும் வந்துவிடும்.

உடனே புதிய பேட்டரியைப் பொருத்துவது ஒரு வழி. அதில் நேரம் மிச்சமாகும். பழைய பேட்டரியின் வயதே தெரியாதபோது அது நியாயமாகவும் தோன்றும்.

மற்றொரு வழி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரால் (மின்னழுத்தத்தை வோல்ட்டில் காட்டும் கருவி) பேட்டரியை முதலில் அளந்து பார்ப்பது. நான் இதையே வலியுறுத்துவேன். முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வில் வைத்த பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் திருகும்போது, அது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை உயர வேண்டும். உயராவிட்டால் குறை, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் சுருளிலோ, அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரிலோ, அவற்றை இணைக்கும் வயர்களிலோ இருக்கக்கூடும். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுதடைந்து, பேட்டரியை அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்கிறது என்று பொருள். இந்நிலையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புதிய பேட்டரியும் விரைவில் பழையதன் கதியையே அடையும் என்பதால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன்.

முழுச் சார்ஜ் இருந்தும், ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகையில் அளவு 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், பேட்டரியை மாற்றுவதே சரி.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் வயர்கள் இணையும் டெர்மினல்களில் சேர்ந்த பச்சை, வெள்ளைப் படிவை உப்புத்தாளால் தேய்த்து, திருகுகளை இறுக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.