சனிக்கிழமை மாலை பைபிள் தலைமைத்துவ வகுப்பு: கிடங்கு சூப்பர்வைசர் ஒருத்தியின் விமர்சனம்

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தேவாலயத்தின் மாடி ஹாலில் இந்த வகுப்பு நடக்கிறது. பைபிளின் முதல் பகுதியான பழைய ஏற்பாட்டின் கதைகளை வைத்து, ஆட்களை நடத்துவது எப்படி என்று தமிழில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கட்டணம் 40 வெள்ளி. தேநீரும் வடையும் அதிலேயே அடக்கம். வடை சுமார்தான்.

நான் இந்து. ஜூ கூன் பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். என் கீழே வேலை செய்பவர்களில் ஜொகூரிலிருந்து பைக்கில் வருகிற பிள்ளைகள் உண்டு, பங்களாதேஷ் தம்பிகள் உண்டு, என் அம்மா வயதுள்ள சீன ஆன்ட்டிகளும் உண்டு. ஷிப்டில் இருக்கும் அக்கா ஒருவர்தான் "நீ வாயேன், பிடிக்கலைன்னா பாதியில கிளம்பிடு" என்று இழுத்துப் போனார். எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது மதம் மாற்றப் பார்க்கிறார்களா என்றுதான். இல்லை. ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு ஜெபம் உண்டு, அந்த நேரம் நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். யாரும் போன் நம்பர்கூடக் கேட்கவில்லை.

பாடம் எடுப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லாரும் 'ஐயா' என்கிறார்கள். ஸ்லைடு கிடையாது, வெள்ளைப் பலகையும் நகல் எடுத்த தாள்களும்தான். முதலில் எடுத்தது, இஸ்ரவேல் சனங்களை எகிப்திலிருந்து நடத்திக்கொண்டு வந்த மோசேயின் மாமனார் எத்திரோ கதை. மருமகனைப் பார்க்க வனாந்தரத்துக்கு வருகிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒருவரே உட்கார்ந்து ஊர் வழக்கையெல்லாம் தீர்க்கிறார், சனங்கள் கால் கடுக்க நிற்கிறார்கள். இது நல்லதில்லை, நீயும் சோர்ந்து போவாய், அவர்களும் சோர்ந்து போவார்கள் என்கிறார் மாமனார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர் என்று நியமி. லஞ்சம் பிடிக்காத ஆட்களாகப் பார். பெரிய விவகாரம் மட்டும் உன்னிடம் வரட்டும். ஐயா அதோடு விடவில்லை. "சோர்ந்து போனது மோசே மட்டுமா? வரிசையில நின்னவனை யார் கணக்கெடுத்தா?" என்று கேட்டார். லீவு பாரத்தில் ஒரு கையெழுத்துக்காக ஆபீஸ் வாசலில் நிற்கும் பிள்ளைகள் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

அதற்கு முந்தின அத்தியாயத்தில் அமலேக்கியர் என்ற எதிரிக் கூட்டத்தோடு சண்டை. மோசே கையை உயர்த்தியிருக்கும் வரை இஸ்ரவேல் ஜெயிக்கிறது, தாழ்த்தினால் தோற்கிறது. கை தளர்ந்ததும் ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்கிறார்கள், பொழுது சாயும் வரை. ஆனால் கையைப் பிடிக்கும் முன்னால் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைக்கிறார்கள். எங்கள் பேக்கிங் லைனில் ஆன்ட்டிகளுக்கு ஸ்டூல் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தக் கல் எனக்கு மிகவும் பிடித்தது.

வகுப்பிலேயே சிறந்தது பேசோர் ஆறு. இதற்காகவே 40 வெள்ளி கொடுக்கலாம். தாவீது இன்னும் ராஜாவாகவில்லை, 600 ஆட்களோடு அலைகிற காலம். திரும்பி வந்து பார்த்தால் சிக்லாகு எரிந்து கிடக்கிறது, பெண்டு பிள்ளைகளை அமலேக்கியர் பிடித்துப் போய்விட்டார்கள். ஆத்திரத்தில் சொந்த ஆட்களே தாவீதைக் கல்லெறியப் பார்க்கிறார்கள். பிறகு துரத்திப் போகும்போது 200 பேர் களைத்துப்போய் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். 400 பேர் போய் எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டு வருகிறார்கள். அப்புறம்தான் பிரச்சினை. போனவர்களில் சிலர், வராதவனுக்குப் பங்கு கிடையாது, பெண்டாட்டி பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார்கள். தாவீது மறுக்கிறார். சண்டைக்குப் போனவனுக்கும் மூட்டை முடிச்சுகளைக் காத்தவனுக்கும் ஒரே பங்கு என்கிறார். அன்றிலிருந்து அது இஸ்ரவேலில் சட்டமாகவே ஆகிறது.

ஹாலில் பெரிய வாக்குவாதமே நடந்தது. லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், "ஐயா, அப்ப சோம்பேறிக்கும் அதே பங்கா?" என்று எழுந்துவிட்டார். "களைச்சவன்னு எழுதியிருக்கு, சோம்பேறின்னு இல்லை" என்றார் ஐயா. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, டீ இடைவேளை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்கோ இது புராணக் கதையாகவே படவில்லை. பொருள் எடுப்பவர்களுக்கு எண்ணிக்கை பார்த்து இன்சென்டிவ் உண்டு, ரேக்கை ஒழுங்கு பண்ணுபவர்களுக்கும் ரிட்டர்ன் பிரிப்பவர்களுக்கும் கிடையாது என்பது பல கிடங்குகளில் உள்ள கணக்கு. பின்னால் இருப்பவன் கைவிட்டால் முன்னால் இருப்பவனுக்கு எண்ணிக்கை எங்கிருந்து வரும்?

நெகேமியா வகுப்பும் பரவாயில்லை. எருசலேம் மதிலை 52 நாளில் கட்டி முடித்த கதை. யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று ஒரு நீளமான பட்டியல் வரும். தட்டான் கட்டினான், தைலக்காரன் கட்டினான், ஒருவர் தன் மகள்களோடு வந்து கட்டினார். குப்பைமேட்டு வாசலைப் பழுது பார்த்தது மல்கியா, அவர் ஒரு வட்டாரத்துக்கே அதிபதி. தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பட்டியலை ஐயா அவசரமாகத் தாண்டிவிட்டார், இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். ரூத், நகோமி கதை பலருக்கும் தெரிந்ததுதான். மாமியாரை விட்டுப் போகாத மருமகள் என்பதால் பெண்கள் பக்கம் நல்ல சிரிப்பு.

கடைசி வகுப்புதான் கெடுத்தது. அன்று ஐயா இல்லை. மனிதவளத் துறையில் இருந்தவராம், ஒருவர் லேப்டாப்போடு வந்தார். தலைப்பு விசுவாசம். உரியாவின் பாதிக் கதையை மட்டும் சொன்னார். போர்க்களத்திலிருந்து வரவழைக்கப்பட்ட வீரன், தோழர்கள் கூடாரத்தில் கிடக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு மனைவியோடு படுக்கவா என்று அரண்மனை வாசலிலேயே தூங்கினானாம். இப்படித்தான் நாமும் நிறுவனத்துக்கு இருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார். மீதி எங்கே? வரவழைத்த ராஜா தாவீது. அந்த வீரனின் மனைவியைக் கர்ப்பமாக்கிவிட்டு அதை மறைக்கத்தான் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னது. போகவில்லை என்றதும், அவனைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்துப் படைத்தளபதி யோவாபிடம் அனுப்பியது. தாவீதின் தலைசிறந்த வீரர்களின் பட்டியலில் கடைசிப் பெயர் அதே உரியா. அக்கா என் காதில் மீதியைச் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசோர் ஆற்றில் பங்கு பிரித்த அதே தாவீதுதான் இதையும் செய்தார். இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே இருப்பவனுக்கு மட்டும் விசுவாசப் பாடம் நடத்துவது எந்த நியாயம்? கேள்வி கேட்க நேரம் ஒதுக்கவும் இல்லை.

மற்றபடி, ஏசி கடுங்குளிர், ஜாக்கெட் எடுத்துப் போங்கள். தாளில் அத்தியாய எண் போட்டிருக்கிறார்கள், வீட்டில் படித்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்து பழைய நடை, இளையவர்கள் கொஞ்சம் திணறுவார்கள். பத்துப் பேரையாவது வைத்து வேலை வாங்குகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பதிவு செய்யும்போதே கடைசி வகுப்பையும் ஐயாதான் எடுக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.